போதிய காரணம்

“அடுத்தவங்க காயிதத்தைப் படிக்கிறது உங்க வூட்டுப் பழக்கமா சார்?”

கல்மண்டபம் பேருந்து நிறுத்தத்தில், ஒழுகாத ஒரே மூலையில் நின்றுகொண்டு சினேகா கேட்டாள். ஐப்பசி மழை. தகரக் கூரையில் அது கொட்டிய சத்தத்தில் அவள் குரல் பாதிதான் எழுந்தது... ஆனால் அந்தக் கண்கள் இருக்கின்றனவே, அவை பேசுவதற்குச் சத்தம் தேவைப்படவில்லை.

அவள் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தவன் திடுக்கிட்டு அரையடி பின்வாங்கினான். கூரைத் தண்ணீர் நேராக அவன் உச்சந்தலையில் இறங்கியது. வெள்ளைச் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. கறுப்புக் கோட்டை மட்டும் பிளாஸ்டிக் பையில் சுற்றி, கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துப் பிடித்திருந்தான்.

“படிக்கலைங்க... கண்ணு தானாப் போச்சு.”

“போவாதன்னு அதுக்குச் சொல்லக் கூடாதா?”

“சொன்னேன். கேக்கல.”

சினேகா உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. சிரிப்புக்கே அந்த முகத்தின் வழி மறந்துபோயிருந்தது.

அவள் கையில் இருந்தது தீர்ப்பாயத்திலிருந்து திரும்பி வந்த மேல்முறையீடு. அரசாங்கம் ஒரு முடிவு எடுத்தால், அது சரியில்லை என்று இல்லாதவர்களும் போய்ச் சொல்ல ஓர் இடம் உண்டு பாருங்கள், அதற்குத்தான் தீர்ப்பாயம் என்று பெயர். எண்ணூர் போகிற வழியில் இருக்கிறது சினேகாவின் குப்பம். குப்பத்தார் படகு ஏற்றி, வலை காயப்போடுகிற மணலில் கிடங்கு கட்டிக்கொள்ள ஒரு கம்பெனிக்கு அரசு அனுமதி கொடுத்துவிட்டது. வேலிக்கல் நட்ட பிறகுதான் ஊருக்கே விஷயம் தெரியும். கரை போனால் படகை எங்கே ஏற்றுவது? படகு இல்லாவிட்டால் அப்புறம் குப்பம் எதற்கு? ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிற பெண், பட்டம் படித்தவள் என்பதால் ஊர் அவளை முன்னே நிறுத்தியது. அவளே உட்கார்ந்து எழுதி அனுப்பினாள். சிவப்பு மையில் ஒரு வரியோடு அது திரும்பி வந்துவிட்டது.

“கேஸ் தோத்துப்போச்சுன்னு அதுக்கு அர்த்தம் இல்லீங்க,” என்றான் அவன், தலையைத் துடைத்துக்கொண்டே. “கெடு தாண்டி வந்திருக்கு, அதுக்கு ஒரு மனு சேர்த்துப் போடணும்னு சொல்றாங்க. அவ்ளோதான்.”

“உங்களுக்கு இன்னா தெரியும்?”

“நான் வக்கீல். பேரு நிலவன், வியாசர்பாடி. இலவசச் சட்ட உதவியில கீறேன்.”

“வக்கீலா... நனைஞ்ச கோழி மாதிரி கீறீங்க.”

“நனைஞ்சாலும் கோழி கோழிதாங்க.”

இந்த முறை சிரிப்பு வந்தே விட்டது. காகிதத்தை அவன் பக்கம் திருப்பினாள். ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துச் சொன்னான் அவன். மனுதாரர் என்றால் நீங்கள். எதிர்மனுதாரர் என்றால் அரசு.

“எதிரியா?”

“எதிரி இல்ல. எதிர்ல உக்காந்து பதில் சொல்ல வேண்டியவங்க.”

“எங்க ஊருக்கு வர்றவங்க எதிர்ல உக்காரவே மாட்டாங்க சார். ஜீப்பை வுட்டு எறங்காமயே பேசிட்டுப் போயிடுவாங்க.”

“இங்க உக்காந்துதான் ஆவணும்.”

“இது? ‘பாதிக்கப்பட்ட நபர்’?”

“அந்த முடிவால யாருக்கு வலிச்சுதோ... அவங்க.”

சினேகா மழையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் போக வேண்டிய பேருந்து வந்து நின்றது, கிளம்பியது. அவள் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்று அப்போது கேட்டிருந்தால், கூட்டமாக இருந்தது என்று சொல்லியிருப்பாள். பேருந்து காலியாகத்தான் போயிற்று.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. அதுதான் நிலவனின் அலுவலகம். அடுத்த வாரம் கையெழுத்துப் போட சினேகா அங்கே போனாள். போவதற்கு முன் கண்ணாடியில் இரண்டு தரம் பார்த்துக்கொண்டாள்... கேஸ் விஷயமாகப் போகிறவளுக்குக் கண்ணாடி எதற்கு என்று தன்னையே கேட்டும்கொண்டாள்.

மனுவைப் படிக்கக் கொடுத்தான். படித்துக்கொண்டே வந்தவள் ஒரு வரியில் நின்றுவிட்டாள்.

‘மனுதாரர் தரப்பில் ஏற்பட்ட தாமதத்தை மன்னித்தருளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.’

“இன்னா இது... மன்னிப்பா?”

“வழக்கமா எழுதறதுங்க. உத்தரவு போட்ட ஒரு மாசத்துக்குள்ள மேல்முறையீடு பண்ணணும். நாம தாண்டிட்டோம். அதுக்குத்தான் இந்தத் தாமத மன்னிப்பு மனு.”

“நான் இன்னா தப்பு பண்ணேன்?”

“தப்புன்னு இல்லீங்க... ஒரு வார்த்தைதானே.”

ஒரு வார்த்தைதானே என்றான். அங்கேதான் அந்தப் பிள்ளை சறுக்கியது.

சினேகாவின் முகத்தில் இருந்த வெளிச்சம் அணைந்தது. “அந்த ஒரு மாசம் நாங்க இன்னா பண்ணிகினு இருந்தோம்னு கேட்டீங்களா சார்?”

நிலவன் தரையைப் பார்த்தான்.

“கேக்கல. கேக்காமயே மன்னிப்பு எழுதிட்டீங்க.” பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள். “கரை போனாலும் போவட்டும். இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

எழுந்து வந்துவிட்டாள். அவன் பின்னாலேயே ஓடி வந்தான். அதற்குள் அவள் தண்டவாளத்தைத் தாண்டியிருந்தாள், கேட் இறங்கிவிட்டது. ஊர்ந்து வந்த கூட்ஸ் வண்டி இருவருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டது. ஒரே ஒரு தரம் திரும்பினாள், பெட்டிகளின் இடைவெளியில் மழையில் நனைந்த அவன் முகம் தெரிந்தது... அப்புறம் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

ஊர் கேட்டது. இன்னாம்மா, ஒரு கையெழுத்துக்கு இவ்ளோ பேஜாரா, மன்னிப்புன்னா வாய்வார்த்தைதானே, கரையைக் காப்பாத்து என்றது. எல்லாம் நியாயமான பேச்சுதான். ஐஸ் கம்பெனியில் கணக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து யோசித்துப் பார்த்தாள். ஊரா, மானமா? ஊர்தான். ஆனால் அந்தச் சொல்லின் கீழே தன் பெயரை எழுத நினைத்தாலே கை மரத்துப்போயிற்று. இதற்கு நடுவில் அந்தக் கண்கள் வேறு. திட்டியபோது பதில் பேசாமல் தரையைப் பார்த்த கண்கள்...

ஞாயிற்றுக்கிழமை காலை, வழி கேட்டுக் கேட்டு நிலவனே குப்பத்துக்கு வந்துவிட்டான். சினேகாவின் அம்மா அங்கம்மா வாசலில் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். சினேகா கதவுக்குப் பின்னால் நின்றாள்.

“யம்மா, நான்தான் அந்த வக்கீல். தப்பு என்னோடது. கேக்காம எழுதிட்டேன். இப்பக் கேக்க வந்தேன்.”

அங்கம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். மணலைத் தட்டி உட்காரச் சொன்னாள்.

“அவரு போன அன்னிக்குக் கடல் நல்லாத்தான் இருந்துச்சு தம்பி...”

ஆடி மாதம் அது. சினேகாவின் அப்பா சுப்புராயன் தனியாகப் போனார். படகு மட்டும் பழவேற்காட்டுப் பக்கம் ஒதுங்கியது. குப்பத்தில் ஒருவரும் மீன் பிடிக்கப் போகவில்லை. இருந்த படகெல்லாம் சுப்புராயனைத் தேடிப் போயின. பெண்கள் விடிந்தால் கரையில் நிற்பார்கள், இருட்டினால் வீட்டுக்குத் திரும்புவார்கள். அடுப்பு எரிந்த வீட்டிலிருந்து மற்ற வீடுகளுக்குக் கஞ்சி போயிற்று. அந்த மாதம் முச்சூடும் அப்படித்தான். கடைசியில் அவர் தோளில் போடுகிற துண்டை வைத்துக் காரியம் செய்தார்கள்.

“அப்போதான் அந்த உத்தரவை ஆபீஸ் பலகையில ஒட்டினாங்களாம். ஆபீஸ்ல ஒட்டுன காயிதம் கடல் மேல கீறவனுக்கு எப்படி தம்பி தெரியும்?”

நிலவன் ஒரு வரிகூட எழுதிக்கொள்ளவில்லை. கைகளைக் கோத்துக்கொண்டு கேட்டான். கதவுக்குப் பின்னால் சினேகா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அம்மா இதை யாரிடமும் இப்படிச் சொன்னதில்லை.

கொஞ்ச நேரம் பொறுத்து அங்கம்மா கேட்டாள். “வியாசர்பாடில எந்தப் பக்கம்?”

“புத்த விகாரை கீதே, அதுக்கு எதிர்த்தெரு. எங்க குடும்பம் பௌத்தம்தான் யம்மா.”

கேட்டதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும். சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும். அங்கம்மா உள்ளே போய், வீட்டில் எல்லாரும் குடிக்கிற டம்ளரிலேயே டீ கொண்டுவந்து கொடுத்தாள். கதவுப் பக்கம் திரும்பி வரும்போது மகளிடம் மெதுவாகச் சொன்னாள்: “நல்ல புள்ளதான். கேஸோட நிறுத்திக்கோ.”

“நான் இன்னாமா சொன்னேன்?”

“நீ ஒண்ணும் சொல்லல. மூஞ்சி சொல்லுது.”

படகுகளின் பக்கம் நடக்கும்போது நிலவன் தயங்கித் தயங்கிப் பேசினான். “தலைப்புல அந்த வார்த்தை இருக்கும். அது சட்டம் வெச்ச பேரு, என்னால மாத்த முடியாது. ஆனா மன்னிக்கச் சொல்லிக் கேக்கறது உங்களை இல்ல... தாண்டிப்போன நாளுங்களை. உள்ள ‘பணிவுடன்’ இருக்காது, ‘அருள’ இருக்காது. ‘போதிய காரணம்’னு சட்டத்துலயே ஒண்ணு கீது. அத்த மட்டும் எழுதறேன்.”

“போதியன்னா?”

“தாமதத்துக்கு இந்தக் காரணம் போதும்னு அவங்க ஏத்துக்கணும்.”

சினேகா நின்றாள். “எங்க நைனா செத்தது போதுமா, போதாதான்னு அவங்க முடிவு பண்ணுவாங்களா?”

அலை ஒன்று வந்து, கரையைத் தொட்டு, போயிற்று. இல்லை என்று பொய் சொல்லியிருக்கலாம் அவன்.

“ஆமாங்க. பண்ணுவாங்க... அப்போ நான் உங்க பக்கத்துல நிப்பேன்.”

அத்தனை நாளில் அவன் சொன்னவற்றில் சட்டத்தில் இல்லாத சொல் அது ஒன்றுதான். கவிழ்த்துப் போட்டிருந்த படகின் மேல் காகிதத்தை விரித்து, சினேகா கையெழுத்துப் போட்டாள்.

தீர்ப்பாயத்தில் அரசுத் தரப்பு வக்கீல் எழுந்து, உத்தரவை முறைப்படி பலகையில் ஒட்டினோம், மனுதாரர் அலட்சியமாக இருந்துவிட்டார் என்று ஆங்கிலத்தில் சொன்னார். நிலவன் பதில் சொல்ல வாயெடுத்தான். அவன் கறுப்புக் கோட்டின் கையை ஒரு விரல் தொட்டது.

“நான் சொல்றேன்.”

மேடையில் நீதிபதி இடத்தில் இருந்த தீர்ப்பாய உறுப்பினர் அம்மாள் தலையசைத்தார். சினேகா எழுந்தாள். பக்கத்தில் அவன் நின்றான்.

“எங்க நைனாவைத் தேடிகினு இருந்தோம்மா. அந்த மாசம் கரையில ஆளே இல்ல. ஆம்பளைங்க எல்லாம் தண்ணி மேல இருந்தாங்க, நாங்க தண்ணியப் பாத்துகினு இருந்தோம். முதுகுக்குப் பின்னால இன்னா நடக்குதுன்னு பாக்கல. நோட்டீசு ஒட்டினவங்க ஒருவாட்டி கரைக்கு வந்திருந்தா, காலியாக் கெடந்த கரையைப் பாத்தே புரிஞ்சிருக்கும். இல்ல... காலியாக் கெடக்குதுன்னுதான் குடுத்துட்டாங்களோ, தெரியல. எனக்கு இதுக்கு மேல காரணம் இல்லம்மா.”

உறுப்பினர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, அவளுக்குப் புரியட்டும் என்று தமிழிலேயே சொன்னார்.

“இந்தக் காரணம் போதும். மேல்முறையீடு விசாரணைக்கு ஏற்கப்படுகிறது. விசாரணை முடியும்வரை அந்தக் கரை இன்றைக்கு இருக்கிறபடியே இருக்க வேண்டும். ஒரு கல்கூட நடக் கூடாது.” கொஞ்சம் நிறுத்தினார். “நீங்க யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கலைம்மா. உட்காருங்க.”

உட்கார்ந்த பிறகுதான் சினேகா அழுதாள். அப்பா போனதிலிருந்து அழாத அழுகை அது. நிலவன் அவள் பக்கம் திரும்பவில்லை. யாரும் பார்க்காதபடி கொஞ்சம் முன்னால் நகர்ந்து, மறைத்துக்கொண்டு நின்றான்.

வெளியே படிக்கட்டில் தூறல். ஊருக்கு ஃபோனில் சேதி சொல்லிவிட்டு அவள் வந்தபோது, அவன் கோட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

“அடுத்த வாய்தாவுக்கு தேவப்பிரியம் மேடம் வருவாங்க. என் சீனியர். ரொம்பக் கெட்டிக்காரங்க.”

“அப்போ நீங்க?”

“என் வக்காலத்தை அவங்க பேருக்கு மாத்தித் தரப்போறேன்.”

“ஏன்... நான் இன்னா பண்ணேன்?”

“நீங்க ஒண்ணும் பண்ணல.” அவன் கோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். “வக்கீலா இருந்துகினு கட்சிக்காரங்ககிட்ட சொல்லக் கூடாதது ஒண்ணு கீது. உங்க ஊர் கரை என் கையில கீறப்போ அத்தச் சொன்னா, நீங்க மாட்டேன்னு சொல்லக்கூட யோசிப்பீங்க. அது நியாயம் இல்ல. அதான்.”

தூறல் அவன் இமையில் நின்றது. தன் கரையை எடுத்துக்கொண்டவர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவன், கேட்பதற்கு முன்னால் தன் கையில் இருப்பதைக் கீழே வைக்கிறான்...

“சொல்லாமயே இருக்கலாமே.”

“இருந்து பாத்தேன். முடியல.”

“சரி. இன்னா அது... சொல்லு.”

சொல்லுங்க இல்லை. சொல்லு. அவன் நிமிர்ந்தான்.

“கேஸ் ஜெயிச்சாலும், தோத்தாலும்... உன் கூட இருக்கணும் சினேகா.”

அவள் தெருவைப் பார்த்தாள். கண்ணில் நீரும் உதட்டில் சிரிப்புமாக, இரண்டையும் மறைக்கத் தெரியாமல் நின்றாள்.

“கடலுக்குப் போறவனைக் கட்டிக்க மாட்டேன்னு நைனா போன அன்னிக்கே சொல்லிட்டேன்,” என்றாள். “கோர்ட்டுக்குப் போறவனைப் பத்தி ஒண்ணும் சொல்லல.”

அவன் சிரிக்கவில்லை. “உங்க அம்மா ஒத்துக்க மாட்டாங்க. வியாசர்பாடில எந்தப் பக்கம்னு கேட்டப்பவே தெரிஞ்சுது.”

“தெரியும்.”

“அப்புறம்?”

“நீ கேஸை அந்த மேடம்கிட்டக் குடு.” சினேகா அவன் கையிலிருந்த கோட்டை வாங்கி, தூறல் படாமல் தன் முந்தானைக்குள் மடித்து வைத்துக்கொண்டாள். “எங்க அம்மாகிட்ட உனக்கு நான் வக்காலத்து வாங்குறேன்.”