தித்திக்கும் கல்

யூனியா வந்த அன்று மழை பெய்ததா, இல்லை ஏரிக்காற்றுதான் ஜன்னலில் சாரலை அறைந்ததா என்பது நெரேயாவுக்கு இப்போது நிச்சயமில்லை. பிறர் சொல்லிக் கேட்ட சிலவற்றைத் தானே பார்த்ததாக அவள் எண்ணிக்கொண்டிருக்கவும் கூடும். ஆனால் வந்தவள் கடைசிவரை உட்காரவில்லை என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

நெரேயாவின் டீக்கடைக்குப் பின்னால் இருந்த அறையில், ஓய்வுபெற்ற துப்பறியும் இன்ஸ்பெக்டர் ஒபியேரோ குடியிருந்தார். அதிகம் பேசாத மனிதர். அவருக்கும் சேர்த்து நெரேயா பேசிவிடுவாள்.

“நான் பிள்ளை தின்னியாம், இன்ஸ்பெக்டர்,” என்றாள் யூனியா. “வர்ற ஞாயித்துக்கெழம கூட்டம் போட்டு ஊரை விட்டுத் துரத்தப் போறாங்க. பொம்பளப் புள்ளைங்க ரெண்டை விட்டுட்டு நான் எங்க போவேன்?”

அவள் மீனவர் ஒவிதியின் மூத்த மனைவி. இளையவள் அபோண்டிக்கு ஒரு மகன் இருக்கிறான்; அவனுக்குப் பின் ஒரு குழந்தை இறந்தே பிறந்தது; அடுத்தது கருவிலேயே கலைந்தது. இப்போது மறுபடி வயிற்றில் ஐந்து மாதம். நியாரோராக் கரையில் வாத்தியார் மனைவிக்கும் படகுக்காரர் மருமகளுக்கும் இதே கதிதான் ஆகியிருந்தது. மூன்று வீட்டு வாசலுக்கும் மீன் கூடை சுமந்து போனவள் யூனியா. ஊருக்கு அது போதுமானதாக இருந்தது.

“சக்களத்தி கண்ணு பட்டுடுச்சுன்னு என் புருஷனே சொல்றான்,” என்றாள். “இந்தப் புள்ளையும் போச்சுன்னா என்னை உயிரோட விடமாட்டாங்க.”

ஒபியேரோ இரண்டே கேள்விகள் கேட்டார். “கரையோரக் குடிசைகள்லயும் நீதான் மீன் விக்கிறியா?”

“ஆமா. அங்க கடனுக்குத்தான்.”

“அங்க குழந்தைங்க?”

“அவங்களுக்கு என்ன, வருஷத்துக்கு ஒண்ணு.”

அவள் போனதும் நெரேயாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. “எனக்குத் தெரிஞ்சுபோச்சு! தண்ணிதான். ஏரி முழுக்கச் சாக்கடை.”

“குடிசைக்காரங்க அந்தத் தண்ணியக் காய்ச்சாமக் குடிக்கிறாங்க. செத்தது காய்ச்சிக் குடிக்கிறவங்க வீட்டுக் குழந்தைங்க.”

“அப்ப ஆஸ்பத்திரி மாத்திரை!”

“நெரேயா, நீ போலீஸ்ல சேந்திருந்தா முதல் வாரத்துலயே பாதி ஊரை உள்ள தள்ளியிருப்ப.”

இருவரும் போய்ப் பார்த்தபோது அபோண்டியின் வீடு துடைத்து வைத்ததுபோல் இருந்தது. மூடி போட்ட தண்ணீர்ப் பானை, கட்டிலுக்குக் கொசுவலை, ஜன்னலோரம் சத்து மாத்திரை. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டே எழுந்து, சிரிக்க முயன்றாள். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் மை தீட்டியதுபோல் நீலக்கோடு ஒன்று ஓடியது. காலடியில் நான்கு வயது மகன் ரஃபாயேல் உட்கார்ந்திருந்தான். போன வருஷம் ‘படகு’, ‘மீன்’, ‘அப்பா’ என்றெல்லாம் சொன்னவன், இப்போது எதைப் பார்த்தாலும் ஒரே ஓசையை எழுப்பினான்.

“மசக்கைக்கு என்னம்மா சாப்பிடத் தோணுது?” என்று ஒபியேரோ கேட்டார்.

அபோண்டி சட்டென்று முந்தானை முடிச்சைக் கைக்குள் மறைத்தாள். “ஒண்ணுமில்ல ஐயா.”

அவர் எழுந்து, ஆட்டைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போய்விட்டார். நெரேயாவுக்குப் புரிந்தது. அந்தக் கரையில் கர்ப்பிணிகள் ஒடோவாக் கல் தின்பார்கள். மிருதுவான, மண்வாசனையுள்ள கல். தாய்க்குத் தெரியும், தோழிக்குத் தெரியும். எந்தப் பெண்ணும் அதை ஆண்முன் சொல்வதில்லை.

“அவர் போயிட்டார், முடிச்சை அவுடி,” என்றாள் நெரேயா. “நானும் தின்னவதான். யார்கிட்ட வாங்கற?”

“பெனினா அக்காகிட்ட. குடிசைப் பொம்பளைங்க மலையில தோண்டி மண்ணோட அப்படியே தின்றாங்க, சீ! ஆஸ்பத்திரியில பூச்சி வரும்னாங்கல்ல? அக்கா கழுவி, வறுத்துத் தருவா. வெல கொஞ்சம் கூடத்தான். ஆனா லேசாத் தித்திக்கும். இவனும் விடமாட்டான்.”

ரஃபாயேல் கை நீட்டினான். அபோண்டி ஒரு துண்டை உடைத்துக் கொடுத்தாள். நெரேயாவும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

“தித்திக்குது, இன்ஸ்பெக்டர். கல்லு எங்கயாவது தித்திக்குமா?”

“துப்பு!” என்றார் ஒபியேரோ. அவர் குரலை உயர்த்தி அவள் கேட்டதேயில்லை. “உடனே துப்பு. போய் அந்தப் பையன் கையில இருக்கறதையும் புடுங்கு.”

பையன் கையில் இருந்ததைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பெனினாவின் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஏன் என்று கேட்டாள்.

பெனினா அவர்களை வாசலிலேயே வரவேற்றாள். டீயில் சர்க்கரை போட்டாளா என்று மறந்து மறுபடியும் போட்டாள். குவளையை நீட்டும்போது மணிக்கட்டு வாடிய கீரைத்தண்டாகத் தொங்கிப்போய், பாதி டீ கீழே கொட்டியது. “வயசாகுது,” என்று சிரித்தாள். நாற்பதுகூட இருக்காது. அந்தச் சிரிப்பிலும் அதே நீலக்கோடு.

“பிள்ளைங்க?” என்றார் ஒபியேரோ.

“ஒண்ணும் தங்கலை ஐயா.” கொல்லையில் வாழைமரத்தடியில் இருந்த சிறு மண்மேடுகளின் பக்கம் பார்த்தாள். “மத்தவங்களாவது நல்லபடியாப் பெத்துக்கட்டும்.”

கூரை இறவாரத்தில், அவள் கணவன் சிலாஸ் வலையைத் தண்ணீரில் அமிழ்த்தக் கட்டும் குண்டுகள் சரம்சரமாகத் தொங்கின. சுவரோரம் உடைத்த கார் பேட்டரிகள் குவிந்திருந்தன. அடுப்பருகே ஓர் இரும்புச் சட்டி கவிழ்ந்திருந்தது. நெரேயா அதைத் தூக்கிப் பார்த்தாள். அந்த அளவுச் சட்டிக்கு அது மீறிய கனம். விளிம்பில் சாம்பல் நிறத்தில் பளபளவென்று ஏதோ வழிந்து உறைந்திருந்தது.

ஒபியேரோ ஊர்க்கூட்டத்தைத் தள்ளிவைக்கச் செய்தார். அபோண்டி, அவள் மகன், யூனியா மூவரின் ரத்தமும், பெனினாவின் கல்லும், மலைக்கல்லும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயின. முடிவு வந்த அன்று அவர் சாப்பிடவில்லை.

“பெனினா பேரைச் சொல்லாம விட முடியாதா?” என்றாள் நெரேயா.

“சொல்லலேன்னா யூனியா போகணும். பொம்பளைங்க அந்தக் கல்லையும் விடமாட்டாங்க.”

மீன் எடைபோடும் கொட்டகையில் கூட்டம் கூடியது. யூனியா தனியாக நின்றாள்.

“இவகிட்ட மீன் வாங்கினவங்க கை தூக்குங்க,” என்றார் ஒபியேரோ. எல்லாக் கைகளும் உயர்ந்தன. “குழந்தைய இழக்காதவங்களும் தூக்கியிருக்கீங்க. இவ கண்ணு பட்டுத்தான் செத்துதுன்னா, உங்க வீட்டுக் குழந்தைங்க எப்படிப் பிழைச்சுது?”

தூக்கிய கைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

“அடுத்த கேள்வி பொம்பளைங்களுக்கு. வெக்கத்தை இன்னிக்கு ஒருநாள் விட்டுடுங்க. பெனினா வறுத்த ஒடோவா தின்னவங்க யாரு?”

ஆண்கள் முகத்தைச் சுளித்தார்கள். பெண்கள் தரையைப் பார்த்தார்கள். பிறகு அபோண்டி கையைத் தூக்கினாள். வாத்தியார் மனைவி தூக்கினாள். படகுக்காரர் மருமகள் தூக்கினாள். பின்வரிசையில், பள்ளிக்கூடத்தில் எழுத்து ஏறாத பிள்ளைகளின் தாய்மார்கள் இருவர் தூக்கினார்கள். யாருடைய கைகள் என்று பார்த்ததும் கொட்டகை அடங்கிப்போனது.

கடைசியாக, எதுவும் புரியாமல், பெனினாவும் தன் தொங்கும் கையைத் தூக்கினாள்.

“வீட்டுல எத்தனை சட்டிம்மா?” என்று ஒபியேரோ மெதுவாகக் கேட்டார்.

“கனமானது ஒண்ணுதான். அதுல வறுத்தாத்தான் கருகாது. அவரு குண்டு வார்த்து முடிச்சதும் சாம்பல் போட்டு நல்லாத் தேய்ச்சுடுவேன் ஐயா.”

“பேட்டரிக்குள்ள இருக்கறது ஈயம்; சிலாஸ் அதை அந்தச் சட்டியிலதான் உருக்கறான்,” என்றார் அவர் கூட்டத்தைப் பார்த்து. “தேய்ச்சாப் போகாது. கல் சூட்டுல அதை வாங்கிக்கும்; கொஞ்சம் தித்திக்கும். வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு பேட்டரிப் பட்டறையில பாத்திருக்கேன். ஈறுல நீலக்கோடு, மணிக்கட்டு தொங்கும், மறதி வரும். பெரியவங்களுக்கே அப்படின்னா, வயித்துல இருக்கற குழந்தை எம்மாத்திரம்? கருவைக் கலைக்கும். தப்பிச்சுப் பொறந்ததோட புத்தியத் தின்னும். அபோண்டி ரத்தத்துல இருக்கு, பையன் ரத்தத்துல அதைவிட அதிகம். ஒரே குடும்பத்துல ஒரே மீனைத் தின்ற யூனியாவுக்கு இல்லைன்னே சொல்லலாம். மலைக்கல்லுல இல்லை, வறுத்த கல்லுல இருக்கு. மண்ணோட தின்ன குடிசைக்காரங்க பிழைச்சாங்க. ஆஸ்பத்திரி பேச்சைக் கேட்டு, சுத்தமா இருக்கணும்னு கூடக் காசு குடுத்தவங்க வீட்டுலதான் சாவு விழுந்தது. ஆம்பளைங்ககிட்ட சொல்லக்கூடாத விஷயம்கறதால யாரும் சேத்து வெச்சுப் பாக்கலை.”

“கொலைகாரி!” என்று யாரோ கத்தினார்கள். ஒவிதி எழுந்தான். யூனியா அவன் முன்னால் போய் நின்றாள்.

“உக்காருடா. ஒருத்திய அழவெச்சது போதும்.”

பெனினா எதையும் காதில் வாங்கவில்லை. ஒபியேரோவிடம் வந்து, அடுப்படியில் பேசுவதுபோல் கேட்டாள்: “நானும்தான் தின்னேன் ஐயா. அப்ப, என் புள்ளைங்களையும் நான்தானா?”

அவர் அவளைப் பார்த்தார். நெரேயாதான் அவளை அணைத்து வெளியே கூட்டிப்போனாள்.

அபோண்டிக்குப் பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு, ஆனால் பிழைத்தது. ரஃபாயேலுக்கு மருத்துவம் நடந்தது. சில சொற்கள் திரும்பின, பல திரும்பவில்லை. வாத்தியார் மனைவிக்குப் பிறகு குழந்தை இல்லை. சிலாஸ் ஈயம் உருக்குவதை விட்டு, கல்லைக் கட்டி வலை வீசினான். மற்ற கரைகளில் இன்னும் உருக்குகிறார்கள். பெனினா அண்ணன் வீட்டுக்குப் போனாள். அடுத்த மழைக்காலத்தில் இறந்தாள். ஒபியேரோ அதன்பின் எந்த வழக்கையும் எடுக்கவில்லை. யூனியா அதே ஊரில் மீன் விற்கிறாள். இரண்டு வீடுகள் மட்டும் இன்றுவரை அவளிடம் வாங்குவதில்லை.