பொட்டு வைத்த நட்டு

ஆயுத பூஜையன்று மத்தியானம். போடியில் பட்டறைகள் எல்லாம் ஓய்ந்து கிடந்தன. ஜக்கையன் பட்டறையிலும் பானா, சுத்தியல், ஜாக்கி எல்லாம் சந்தனம் பூசிச் சாமி படத்தின் முன்னால் இருந்தன. மறுநாள் வரை அவற்றைத் தொடக் கூடாது. அந்த நேரம் பார்த்துத்தான் முகைதீன் பிச்சையின் லாரி ஆடிக்கொண்டே வந்து வாசலில் நின்றது.

"பின்வீலு ஆடுதுண்ணே. போடிமெட்டு மலைக்கு அரிசி லோடு போகணும். வெரசா பாருங்க."

ஜக்கையன் குனிந்து ஒரு நட்டைத் தொட்டார். அது விரலோடு சுழன்றது.

"இறுக்கலையாப்பா?"

"காலைல நானே பானா மேல ஏறி மிதிச்சு இறுக்குனேண்ணே."

ஜக்கையன் நட்டிலிருந்து கையை இழுத்துக்கொண்டார்.

போன வருஷம் இதே நாளில் கோட்டைச்சாமியின் லாரிக்குப் பின்வீல் மாட்டியவர் அவர்தான். நட்டுகளைக் கையால் முறுக்கியதோடு சரி. பானாவைப் பூஜையில் வைத்த பிறகுதான் இறுக்காதது நினைவுக்கு வந்தது. சாமி குத்தமாகிவிடும் என்று எடுக்கவில்லை. "கை முறுக்குப் போதும், பைய போ" என்று நட்டுகளுக்குச் சந்தனப் பொட்டு வைத்து அனுப்பிவிட்டார். போடிமெட்டு வளைவில் வீல் கழன்று லாரி உருண்டதில் கோட்டைச்சாமி செத்துப்போனான். குடித்துவிட்டு ஓட்டினான் என்று ஊர் பேசியது. சாராயத்தைத் தொட்டறியாதவன் அவன். அது தெரிந்தும் ஜக்கையன் வாயைத் திறக்கவில்லை.

இந்தத் தடவை சாமி படத்தைப் பார்க்காமலே பானாவை எடுத்தார். ஜாக்கி வைத்து வீலை அசைத்துப் பார்த்தார். பேரிங் நன்றாக இருந்தது. ரிம்மில் கோணல் இல்லை. ஏறி மிதித்து நட்டுகளை இறுக்கிவிட்டு, ஓட்டிப் பார்க்கத் தானும் லாரியில் ஏறினார்.

மலையடிவாரத்து முந்தல் தாண்டியதும் பட்டப்பகலில் மூடுபனி இறங்கியது. முதல் வளைவில் வீல் ஆடியது.

இறங்கிப் பார்த்தார்கள். எல்லா நட்டுகளும் தளர்ந்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஈரச் சந்தனம்.

"கை முறுக்குப் போதும்ணே."

லாரிக்கு அடியிலிருந்து வந்தது குரல்.

"யாருண்ணே அது?" முகைதீன் பிச்சை கிசுகிசுத்தான்.

"கோட்டைச்சாமி. அவன் குடிக்கலப்பா. நான்தான் நட்ட இறுக்காம அனுப்புனேன். யார்ட்டயும் சொல்லிராத."

முகைதீன் பிச்சை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "அன்னக்கொடியக் குடிகாரன் பொண்டாட்டின்னு ஊரே ஏசுது. இதை அவகிட்டல்லண்ணே சொல்லணும்."

மறுபடி இறுக்கினார். வீல் ஆடவில்லை. முகைதீன் பிச்சை அவரைப் பட்டறையில் இறக்கிவிட்டு மலைக்குத் திரும்பினான்.

ஜக்கையன் தன் ஸ்டாண்டு ஒடிந்த சைக்கிளில் வீட்டுக்குக் கிளம்பினார். ஒருவனிடமாவது சொல்லியாயிற்று, அது போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

தெருமுனையில் சைக்கிளின் பின்வீல் ஆடியது.

குனிந்து தொட்டார். நட்டு விரலோடு சுழன்றது. விரலில் சந்தனம் ஒட்டியது.

அதற்கு மேல் அவர் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே அன்னக்கொடியின் ஊரான சிலமலைக்கு நடந்தார்.

வெயில் தாழும்போது அன்னக்கொடியின் வாசலுக்கு வந்து சேர்ந்தார். முற்றத்தின் நடுவில் சைக்கிளை விட்டுவிட்டுப் படியருகே போனார்.

"ஆத்தா, உன் புருசன் குடிக்கல. நட்ட இறுக்காம அனுப்புன பாவி நான்தான்."

அவள் அழவில்லை. "தெரியும்ணே. இதை ஊர் மந்தையில வந்து சொல்லுவீகளா?"

மந்தையில் கூடும் முகங்களை நினைத்தார். அத்தனை பேரும் அவரைத் தொழில்காரன் என்று மதிப்பவர்கள். தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

அன்னக்கொடி அவருக்குப் பின்னால் பார்த்தாள்.

"பதில் சொல்லுங்கண்ணே. அவரு எம்புட்டு நேரந்தான் சைக்கிளப் பிடிச்சுக்கிட்டு நிப்பாரு?"

ஜக்கையன் திரும்பினார்.

முற்றத்தின் நடுவே, ஸ்டாண்டும் இல்லாமல், எதிலும் சாயாமல் சைக்கிள் நேராக நின்றது.

பின்வீல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.