ஓடாத மெஷினின் மூச்சு

ஆரியசாலையில், மிளகாய் வத்தல் மண்டிகளுக்கு நடுவே ஒரு பழைய கிடங்கை வாடகைக்குப் பிடித்து லாண்டரி வைத்தாள் ஜெஸ்லின். ஓட்டல்களின் படுக்கை விரிப்பும் துவாலையும்தான் வேலை. பாறசாலைக்காரி; பிடித்த பிடியை விடமாட்டாள். கூடமாட நிற்கத் தங்கை ஷீனாவைக் கூட்டி வந்திருந்தாள். அம்மா போன பிறகு அவளுக்கென்று இருந்தது அந்தத் தங்கை ஒருத்திதான்.

துணி உலர்த்தும் மெஷின்கள் இரண்டு வந்து இறங்கின. ஆள் உயரம், காஸில் ஓடுபவை. அவற்றின் சூட்டுக்காற்று வெளியே போகக் குழாய் வைத்தாக வேண்டும். சந்துப் பக்கச் சுவரில் ஓட்டை போடலாம் என்றால், கட்டடத்துக்காரர் தளவாய் ஒப்பவில்லை. பக்கத்து மண்டி அவருடையது.

“ஈரக்காத்து என் வத்தல் மூட்டையில அடிச்சா பூசணம் புடிச்சிரும். செவுத்துல கை வைக்கப்பிடாது, சொல்லிட்டேன்.”

மெஷின் பூட்ட வந்த மலையாளி ஹரிகுமாருக்கு ஓணத்துக்கு ஊர் போகிற அவசரம். மூலையில் செங்கல் வைத்து அடைத்திருந்த புகைக்கூண்டு அவன் கண்ணில் பட்டது. தளவாய் அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து அடைப்பை உடைத்தான். உள்ளே தலையை விட்டு மேலே பார்த்தான். தூரத்தில் காசளவு வெளிச்சம் தெரிந்தது.

“சேச்சி, ரெண்டு பைப்பையும் இதிலே விட்டா மதி, போதும். ஜன்னலை மட்டும் அடைக்கண்டா. மெஷின் வெளியே தள்ளுற காத்து அத்தனையும் வேற எங்கேயாவது வழியா உள்ளே வரணும். மனசிலாயோ?”

மனசிலாயிற்று. ஆனால் ஜன்னலைத் திறந்தால் சந்தில் பறக்கும் மிளகாய்த் தூள் வந்து வெள்ளை விரிப்பில் உட்கார்ந்தது. அதில் புரண்டு படுக்கும் விருந்தாளி சும்மா இருப்பானா? ஜெஸ்லின் ஜன்னலைச் சாத்தி, இடுக்கெல்லாம் டேப் ஒட்டினாள். கெட்டிக்காரிதான் என்று தன்னைத் தானே மெச்சிக்கொள்ளவும் செய்தாள்.

ஓணம் கழிந்து மழை பிடித்தது. ஓட்டல்களில் ஆள் குறைந்ததால் ஒரு மெஷின்தான் ஓடியது. மற்றது சும்மா நின்றது.

சும்மா நின்றதன் உள்ளேயிருந்துதான் நெடி வந்தது. மிளகாய் கருகும் நெடி. மண்டித் தெருவில் பின்னே மல்லிகையா மணக்கும் என்று ஜெஸ்லின் விட்டுவிட்டாள்.

அடுத்தது பஞ்சு வலை. துணியிலிருந்து உதிரும் பஞ்சைப் பிடிக்கிற வலை அது. வெள்ளைத் துவாலையின் பஞ்சு அதில் கரியாய்க் கறுத்துக் கிடந்தது. ஷீனா அதை உரித்தாள். பஞ்சோடு முடி வந்தது. இழுக்க இழுக்க வந்தது.

“எக்கா, இது எனக்க முடி இல்ல. உனக்கதும் இல்ல.”

“ஓட்டல்ல எவளுக்கதோ. தூரக் களஞ்சிட்டு வேலையப் பாருட்டி.”

ஷீனா ஓடாத மெஷினைப் பார்த்தாள். குரல் இறங்கியது.

“அதுக்குள்ள யாரோ மூச்சு வலிச்சு இழுக்கது கேக்குது எக்கா.”

ஜெஸ்லின் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்துப் பிற்பாடு அழுதாள்.

மறுநாள் மத்தியானம் விரிப்புகளை ஓட்டலில் கொடுத்துவிட்டு மழையில் நனைந்தபடி திரும்பினாள். கதவு வெளிப்பக்கம் திறப்பது. இழுத்தாள். வரவில்லை. பூட்டில்லை, தாழில்லை. காலைச் சுவரில் ஊன்றி இழுத்தாள். கதவு விரலளவு வந்தது.

உள்ளிருந்து ஒன்று அதைத் திரும்ப இழுத்துக்கொண்டது.

“ஷீனா! ஏட்டி!”

இடுக்கு வழியே ஒரு முனகல்.

“எக்கா... அவ எனக்க மூச்செ எடுக்கா...”

ஜெஸ்லின் ஜன்னலுக்கு ஓடினாள். கண்ணாடிக்குள் தெரிந்தது. ஷீனா தரையில் கிடந்தாள். ஓடாத மெஷினின் கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே உருளை மெல்லச் சுற்றியது. அதன் பின்னாலிருந்து கூண்டுக்குப் போகும் தகரத்தாள் குழாய் ஒட்டி, விரிந்து, ஒட்டியது.

விரியும்போது அதில் ஐந்து விரல்கள் புடைத்தன.

உள்ளேயிருந்து.

கிடந்த செங்கலை எடுத்துக் கண்ணாடியில் எறிந்தாள். காற்று ஊளையிட்டுக்கொண்டு உள்ளே பாய்ந்தது. வாசல் கதவு தானாகத் திறந்துகொண்டது. அறை முழுக்கக் கரி பொங்கியது. கண்ணும் தொண்டையும் எரிய உள்ளே ஓடி, தங்கையின் தலைமுடியைப் பற்றி மழைக்குள் இழுத்துப் போட்டாள்.

கரி அடங்கிய பிறகு பார்த்தால், மடித்து வைத்த விரிப்பு ஒவ்வொன்றிலும் கறுத்த உள்ளங்கைகள் பதிந்திருந்தன.

சத்தம் கேட்டு வந்த தளவாய் உடைந்த அடைப்பைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“அதெத் தொறந்தீங்களா? அட பாவிகளா!”

அவருடைய பாட்டனார் காலத்துச் சங்கதி. வத்தல் மூட்டையில் கை வைத்தாள் என்று ஒரு வேலைக்காரியை அந்த அறையில் அடைத்து மிளகாய்ப் புகை போட்டார்களாம். கதவைத் திறந்தால் ஆளில்லை.

“மூச்சுக்குத் தவிச்சுக் கூண்டுக்குள்ள ஏறிட்டா. மேல வாய் சின்னது. எறக்க ஒருத்தனும் போகல. கீழ செங்கலெ வச்சுட்டாங்க.”

“தெரிஞ்சும் வாய்திறக்கல்லியே, நீரு மனுசனாவே?” என்று ஜெஸ்லின் கத்தினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சுவரில் ஓட்டை போட்டுக்கொள்ளச் சொன்னார். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

ஹரிகுமார் வந்தான். ஜன்னலை அடைத்ததால், ஒரு மெஷின் ஓடும்போது மற்றதன் குழாய் வழியே கூண்டுப் புகை உள்ளே இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான் என்றான். சொல்லும்போது அவன் கூண்டின் பக்கம் திரும்பவே இல்லை. தனித்தனிக் குழாய், காற்று வர அகலமான வலை ஜன்னல், கூண்டுக்குச் சிமெண்டு அடைப்பு என்று எல்லாம் முறையாக முடிந்தது. காஸ் புகைதான், நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்று டாக்டரும் வீட்டுக்கு அனுப்பினார்.

பாறசாலையில், வெயில் விழும் கட்டிலில், ஷீனாவுக்குக் கஞ்சி ஊட்டினாள் ஜெஸ்லின். ஜன்னல் எல்லாம் திறந்தே கிடந்தது.

“இனி ஒண்ணும் இல்ல மக்ளே. அடச்சாச்சு.”

“அவ அங்க இல்ல எக்கா.”

“சும்மா கிட.”

“நம்பல்லியா? கேளு.”

ஷீனா ஒரு கையால் மூக்கைப் பொத்தினாள். மறுகையால் வாயைப் பொத்தினாள். கண்களில் நீர் முட்ட அக்காவையே பார்த்தாள்.

ஜெஸ்லின் தங்கையின் நெஞ்சில் காதை வைத்தாள்.

மூச்சு நிதானமாக வந்துபோய்க்கொண்டிருந்தது.

மிளகாய் கருகும் நெடியோடு.