ஒப்பமிட்டோர் பந்தி

செவ்வாயின் புதுத்துறைக் குடியிருப்பில், நச்சு மதிப்பீட்டு அலுவலகத்தின் காலை வேலை பூச்சிமருந்து சாப்பிடுவதில் தொடங்கும்.

ஒரு மருந்தைத் தீங்கற்றது என்று ஒப்பமிடுபவர், அதன் அனுமதிக்கப்பட்ட அளவைத் தினமும் தாமே உண்ண வேண்டும் என்பது சட்டம். பூமியில் ஒப்பமிட்டவர்கள் மருந்தடிக்காத தோட்டத்துக் காயையும் மற்றவர்கள் மருந்தடித்த தோட்டத்துக் காயையும் தின்ற காலத்தை மறக்காத முன்னோர்கள் இயற்றியது. பரிமாறி என்ற எந்திரம் இட்லி வைத்து, சட்னியில் மருந்துச் சொட்டு விட்டு நகரும். உட்கார்ந்திருக்கும் நாற்காலி இரத்தத்தைத் தொட்டுப் பார்த்துத் தலைக்கு மேலே ஈரல்விளக்கை ஏற்றும். பச்சை நலம், மஞ்சள் கவலை, சிவப்பு எரிந்தால் மருந்துக்குத் தடை.

சட்டம் வந்ததும் ஒப்பங்கள் அருகிவிட்டன. இயக்குநர் தணிகாசலம் எந்த மருந்திலும் ஒப்பமிடாமல், 'பார்த்தேன்' என்று மட்டும் எழுதியே பதவி உயர்ந்தவர். அவர் சட்னி வெகுகாலம் வெறும் சட்னியாகவே இருந்தது.

முனைவர் அங்கயற்கண்ணியின் 'நிறுத்தி' என்ற பூச்சிமருந்து வந்தபோதுதான் அவர் அகப்பட்டுக்கொண்டார். கூண்டுவயல்களில் குழல்வண்டு பரவி, நெல்லைத் தண்டோடு உறிஞ்சிக்கொண்டிருந்தது. நெல் போனால் மூன்று வேளையும் பாசிப்பசைதான். வண்டைக் கொன்று மனிதரை விட்டுவைக்கும் மருந்து ஒன்றுக்காக அங்கயற்கண்ணி தம் பணிக்காலம் முழுவதையும் செலவிட்டிருந்தார். முதல் ஒப்பம் அவருடையது. தணிகாசலமும் மற்றக் குழுவினரும் பாசிப்பசையையும் நிறுத்தியையும் மாறி மாறி நினைத்துப் பார்த்து, மனமில்லாமல் ஒப்பமிட்டார்கள்.

சில மாதங்களில் விளக்குகள் மஞ்சளாயின. அங்கயற்கண்ணியின் விளக்கு மட்டும் பச்சை.

"டாக்டரம்மா, உங்க மருந்து எங்களை மெல்ல மெல்ல அனுப்பி வச்சிடும் போலிருக்கே" என்றார் தணிகாசலம்.

"இதோட வேற ஏதாவது சாப்பிடுறீங்களா, சார்?"

"ஒண்ணும் கிடையாது. மருந்துன்னாலே எனக்கு ஆகாது." சொல்லிக்கொண்டே சட்டைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, கரண்டி நிறையப் பச்சைப் பொடியை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

"அது என்ன சார்?"

"இது சாப்பிடுறதுல சேராதும்மா. ஈரல்காப்புச் சூரணம். உங்க மருந்தை உடம்புல தங்க விடாம அடிச்சுத் துரத்திடும். சுத்த மூலிகை."

"எங்க எல்லாருக்கும் சார்தான் வரவழைச்சுத் தர்றார்" என்றார் பக்கத்து நாற்காலிச் சவரிமுத்து. "உங்களுக்கும் ஒரு டப்பா சொல்லட்டுமா?"

அங்கயற்கண்ணி ஒரு சிட்டிகை மட்டும் வாங்கிக்கொண்டார்.

ஆய்வகத்தில் ஈரல்சில்லுகள் இருந்தன. நகத்தளவுக்கு வளர்த்தெடுத்த மனித ஈரல். ஒன்றில் நிறுத்தியைச் சட்னி அளவுக்கு விட்டார். பிறகு அதைப்போல் நூறு மடங்கு விட்டார். சில்லு அசரவில்லை. இன்னொன்றில் சூரணத்தைக் கரைத்து விட்டார். மதியச் சாப்பாட்டுக்குள் அது செத்துப்போயிற்று.

குழுவின்முன் இரண்டையும் வைத்தார். தணிகாசலம் செத்த சில்லை இரக்கத்தோடு பார்த்தார்.

"சூரணம்னா பத்தியம் இருக்கணும். உங்க சில்லு பத்தியம் இருந்துச்சா?"

"இதுக்கு யாரு சார் ஒப்பம் போட்டது?"

"இயற்கைக்கு யாராவது ஒப்பம் போடுவாங்களா? அது சரி, உங்க விளக்கு மட்டும் எப்படிப் பச்சையா எரியுது?"

"நான் அந்தப் பொடியைச் சாப்பிடல."

குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு விளக்கு சிவந்தாலும் நிறுத்திக்குத் தடை என்று மீண்டும் நினைவூட்டிவிட்டுக் கூட்டம் கலைந்தது. தணிகாசலத்தின் விளக்கு ஏற்கெனவே ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்திருந்தது.

தாழ்வாரத்தில் தணிகாசலம் அங்கயற்கண்ணியின் பின்னாலேயே வந்தார். யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"நமக்குள்ள இருக்கட்டும். நீங்க எந்தச் சூரணம் சாப்பிடுறீங்க?"

"ஒண்ணும் இல்ல சார்."

"எங்ககிட்டயே மறைக்கிறீங்களே, டாக்டரம்மா."

அங்கயற்கண்ணி கண்ணாடிப் பக்கம் திரும்பினார். கண்ணாடிக்கு அப்பால் கூண்டுவயலில் நெல் பூத்திருந்தது. அவரும் குரலைத் தாழ்த்தினார்.

"வெளிய சொல்லிடாதீங்க. எங்க குடும்பத்துல ஏழு தலைமுறையா வர்ற பொடி. ஆனா பத்தியம் கடுமை. வேற எந்தப் பொடியும் நாக்குல படக்கூடாது. பட்டா இதுவே விஷமாயிடும்."

"அப்படிச் சொல்லுங்க" என்றார் தணிகாசலம், முதன்முறையாக மரியாதையோடு.

அன்று மாலை அங்கயற்கண்ணி பொட்டுக்கடலையை அரைத்தார். நிறத்துக்குக் கொஞ்சம் மஞ்சள் சேர்க்கலாமா என்று யோசித்தார். மஞ்சளும் ஈரலைக் கெடுக்கலாம் என்ற தரவுகள் நினைவுக்கு வரவே விட்டுவிட்டார்.

குழுவினர் எல்லாரும் அந்தப் பொடிக்கு மாறி, பத்தியத்தை அட்சரம் பிசகாமல் காத்தார்கள். பழைய டப்பாக்கள் குப்பைக்குப் போயின. விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்குத் திரும்பின. நிறுத்தி தப்பியது, நெல்லும் அறுவடையாயிற்று.

பணிநிறைவு விழாவில் அங்கயற்கண்ணிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். "அந்த நஞ்சைத் தினம் தின்னும்கூட நாங்க உயிரோட இருக்கோம்னா, அதுக்கு அம்மாவோட பொடிதான் காரணம்" என்று தணிகாசலம் தழுதழுத்தார். வாசலில் அங்கயற்கண்ணியின் படம் போட்ட டப்பாக்கள் அடுக்கியிருந்தன. உள்ளே என்ன இருக்கிறது என்று அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அனுமதி அளவு என்று எதுவும் இல்லாததால், சிலர் வேளைக்கு இரண்டு கரண்டி சாப்பிட்டு வந்தார்கள்.

செய்தியாளர் ஒருவர் எழுந்தார். அங்கயற்கண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தார். பொடியில் என்ன இருக்கிறது என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவது என்று அன்று காலையே முடிவுசெய்திருந்தார்.

"மேடம், இது இயற்கையானதுதானே?"

"ஆமா" என்றார்.

செய்தியாளர் திருப்தியோடு உட்கார்ந்துவிட்டார். கூட்டம் டப்பா வாங்க வாசலுக்கு முண்டியடித்தது.