முகங்கொடுக்காத மூத்தவள்

"என்னக்கா இது... கீரைக்குள்ள புழு கெடக்குது! எங்கப்பா ஒரு வாய் வைக்கையிலதான் ஒங்களுக்கு இப்பிடித் தோணுமா?"

ஹேமாவதி தட்டை வைத்த வேகத்தில் சோறு சிதறியது. அவளுடைய அப்பா எழுந்து கை கழுவப் போனார். பவானி தலைகுனிந்து நின்றாள்.

"நேத்து பஸ் ஸ்டாப்புல எதுக்க வந்த எங்கப்பாவ வாங்கன்னு கேக்கல. மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிருக்கீக! எல்லாம் எம்புள்ள பெறந்ததுல இருந்துதான். ஒங்களுக்கு இல்லாதது எனக்கு இருக்குல்ல..."

பிள்ளையில்லாத பவானி குனிந்து, சிதறிய சோற்றைத் தடவி அள்ளினாள். சொல்லிவிடலாமா? கொஞ்ச நாளாகவே கண்ணுக்குள் கரும்புகை போல ஏதோ மிதக்கிறது. எதிரே வருபவரின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மங்கல். சொன்னால், எப்போதிருந்து என்று கேட்பார்கள். அதைத்தான் அவளால் சொல்ல முடியாது.

அன்றிலிருந்து ஓரகத்தி ஹேமாவதியின் பார்வை பவானியை விட்டு நகரவில்லை. அவள் காய்ச்சிய பாலை ஹேமாவதி முகர்ந்து பார்த்துத்தான் பாப்பாவுக்குக் கொடுத்தாள்.

ஒரு மதியம், தனியாக விட்டால் இவள் என்ன செய்கிறாள் பார்ப்போம் என்று, பாப்பாவைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள். பவானி கொல்லையிலிருந்து வந்தாள். பாப்பா இரண்டு கையையும் தூக்கிச் சிரித்தது. பவானி திரும்பாமல் கடந்து போனாள்.

'பாத்தியா வன்மத்தை!' ஹேமாவதி பல்லைக் கடித்தாள்.

மறுகணம் பவானி, துவைத்துப் போட்டிருந்த துணிக்குவியலின் முன் குனிந்தாள்.

"ஏஞ்செல்லம்... இங்கன தனியாவா ஒக்காந்திருக்க?"

'அய்யோ, அக்காவுக்குக் கண்ணு தெரியல!' ஹேமாவதி கதவுக்குப் பின்னாலிருந்து ஓடி வந்தாள்.

மறுநாளே பவானியின் புருஷன் ராஜபாண்டி அவளைத் தேனிக்குக் கூட்டிப்போனான். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஹேமாவதியும் போனாள். அவர்கள் ஊரான சுருளிப்பட்டிப் பக்கம் பவானியின் சர்க்கரை நோய்க்கு மாத்திரை கிடைத்தது. கண்ணுக்குள் பார்க்கிற மிஷின்தான் இல்லை.

"சர்க்கரையால உள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு," என்றார் டாக்டர். "இது வலிக்காது. ரொம்ப நாள் பார்வையும் நல்லாத்தான் இருக்கும். மங்கும்போது பாதி கெட்டிருக்கும். வலது கண்ணுல போனது போனதுதான். இடது கண்ணுல லேசர் வச்சு, இருக்கிறதைக் காப்பாத்தப் பாக்கலாம். முன்னாடி காட்டலையா?"

"ராயப்பன்பட்டி கண் முகாம்ல பாத்தாகளே... ஒண்ணுமில்லன்னு சொன்னதா இவதான் சொன்னா," என்றான் ராஜபாண்டி.

பவானி மெல்லச் சொன்னாள். "ஒடனே தேனிக்குப் போன்னுதான் சொன்னாக."

"எப்பக்கா?" என்றாள் ஹேமாவதி.

"நீ பாப்பாவ வயித்துல வச்சுக்கிட்டு எந்திரிக்கக் கூடாதுன்னு படுத்துக் கெடந்தப்ப. ஒன்னைய யாரு தாயி பாத்துக்குவா? அப்பறம்... கண்ணு நல்லாத்தான தெரிஞ்சுச்சு. அப்பிடியே விட்டுட்டேன்."

"அய்யோ அக்கா... என்னென்ன பேசிட்டேன்!" காலில் விழப்போனவளைப் பவானி தோளைத் தடவிப் பிடித்து நிறுத்தினாள்.

"வலிச்சுச்சு ஹேமா. இல்லன்னு சொல்ல மாட்டேன். அழாத... பாப்பாவக் குடு."

வாங்கி, இடது கண்ணுக்கு வெகு அருகே அந்தச் சின்ன முகத்தைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் வந்து பேர் சொல்லிக் கூப்பிடும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.