கிணற்றில் தொங்கிய கிருமி

இட ஒதுக்கீடு கேட்டு எங்கும் சாலை மறியல் நடந்த வாரம் அது. கரியாலூரிலிருந்து இறங்கி வந்த பேருந்து, மலையடிவாரத்தில் வெட்டிச் சாய்த்திருந்த புளியமரத்தின் முன் நின்றது. நின்றது நின்றதுதான்.

பேருந்தில் வந்த அம்சவள்ளி, சாலையோரம் இருந்த ராஜாம்பாள் வீட்டில் தங்கினாள். கல்லூரியில் கிருமிகளை ஆராய்பவள். கையிலிருந்த பிளாஸ்க்கை அடிக்கடி திறந்து பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

ராஜாம்பாளின் மகள் எழில்மதிக்குப் பொறுக்கவில்லை. “உள்ள இன்னா அக்கா? ஐஸா?”

“ஐஸ் கரைஞ்சிடுச்சும்மா. மலை ஊற்றுல கிடைச்ச கிருமி இருக்கு. இதுவரைக்கும் யாரும் பார்க்காத இனம். அதுக்குப் பேரே இல்லை.”

எழில்மதி எட்டிப் பார்த்தாள். கண்ணாடிக் குழாய்க்குள் கெட்டியான கூழ். அதன்மேல் மஞ்சளாய் ஒரு கோடு; அதுதான் கிருமி.

“ஒரு பேரு வெச்சிட வேண்டியதுதானே?”

“சும்மா வெக்க முடியாது. அதோட நிறம், வடிவம், எதைத் தின்னும், எவ்வளவு சூடு தாங்கும், எல்லாத்தையும் சோதிச்சு எழுதணும். உயிரோட கொண்டு போய்ச் சேர்க்கணும். இந்த வெயில்ல செத்துட்டா...”

அவள் பிளாஸ்க்கை மூடினாள்.

வெளியே ராஜாம்பாள் பால் தூக்கைக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தாள். பால் வண்டி வராத நாளில், பால் திரியாமலிருக்கக் கிணற்றுக்குள் இறக்கித் தொங்கவிடுவாள்.

எழில்மதி துள்ளி எழுந்தாள். “அம்மா! கிருமியையும் கெணத்துல எறக்கலாம்!”

“இன்னாடி சொல்ற? ஊருக்கே பேதி வர வெக்கப் போறியா?”

“அது நோய் தருமா அக்கா?”

“தெரியாதும்மா. இன்னும் சோதிக்கலை.”

“கேட்டுக்கினியா?” என்றாள் ராஜாம்பாள்.

எழில்மதி யோசித்தாள். “அப்போ குடிக்கிற கெணறு வேணாம். வயக்காட்டுப் பாழுங்கெணறு கீதே! என் சோத்துத் தூக்குல வெச்சி, மூடியை இறுக்கிக் கட்டி, தண்ணியில படாம தொங்க வுடலாம்.”

ராஜாம்பாள் இன்னொரு கயிற்றை எடுத்து நீட்டினாள்.

மறியல் முடியும்வரை காலையும் மாலையும் அம்சவள்ளியுடன் போய், எழில்மதி கிணற்றுக்குள் குரல் கொடுத்தாள். “பேரில்லாதவனே, நல்லா தூங்கிக்கினு இரு!”

மரத்தை அகற்றிய அன்று தூக்கைத் திறந்தார்கள். மஞ்சள் கோடு தடித்து, பூசணிப்பூ நிறத்தில் படர்ந்திருந்தது. அம்சவள்ளி குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

“உயிரோட கீதா அக்கா?”

“வளர்ந்தே இருக்கு! இதுக்கு உன் பேரையே வெச்சிடட்டுமா?”

எழில்மதியின் முகம் மலர்ந்தது; உடனே சுருங்கியது. “அது பேதி குடுக்கிற கிருமியா இருந்தா? ‘எனக்கு எழில்மதி வந்திடுச்சி’ன்னு எல்லாரும் சொல்லுவாங்களே!”

ராஜாம்பாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

எழில்மதி குழாயை உற்றுப் பார்த்தாள். அந்த மஞ்சள் அதுபாட்டுக்குச் சும்மா இருந்தது.

“பரவால்ல அக்கா, எம்பேரையே வெய்யிங்க. பாவம், எத்தினி நாளு பேரில்லாம கெடக்கும்?”