வெளியே போட்ட தாழ்ப்பாள்

கேத்தலிலிருந்து அப்போதுதான் ஊற்றிய சாயத்தண்ணி வினோதாவின் நாக்கைச் சுடவில்லை. கோப்பையில் ஆவி பறந்துகொண்டிருந்தது. மூன்று மிடறு குடித்த பின்னரே, சுட்டிருக்க வேண்டும் என்பது அவளுக்கு உறைத்தது.

லிந்துலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் கடைசி லயம் அது, தொழிலாளர்களின் வரிசை வீடு. பெண்கள் அனைவரும் கொழுந்து பறிக்க மலையேறிவிட்டிருந்தார்கள். பகலிலேயே இறங்கிவிட்ட மூடுபனி தகரக் கூரையில் நீராய்த் திரண்டு சொட்டுவதும், அடுப்பில் ஈர விறகு சீறுவதும், தொட்டிலில் உறங்கும் நாலரை மாதப் பெண் பிள்ளையின் மூச்சும் தவிர வேறு ஓசை இல்லை. ஒரே சுவரைப் பகிரும் அடுத்த காம்பராவில் இருந்தவர்கள் கொழும்புக்குப் போய் ஓராண்டாகிறது. அதன் பூட்டுத் துருவேறிக் கிடந்தது.

பிள்ளை பிறந்த முதல் இரண்டு மாதங்கள் வினோதாவின் நெஞ்சு ஓடுகிறவளின் நெஞ்சைப்போல் அடித்துக்கொண்டது. இந்தக் குளிரிலும் வியர்த்தது. பிறகு எல்லாம் தலைகீழாயிற்று. முகம் ஊதியது, முடி கொத்தாய் உதிர்ந்தது, எலும்புவரை குளிர் இறங்கியது. பிள்ளை அழுதால் அவளுக்குள் எதுவும் அசையவில்லை. அதைத்தான் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

போன வாரம் வந்த மருத்துவிச்சி மெரினா மிஸ்ஸி, அவளுடைய தொண்டையில் விரல்களை வைத்துப் பார்த்தாள்.

"கொரல் எப்பம்மா இப்படிக் கம்மிப் போச்சு? புள்ளையத் தூக்கவே மனசு வரலையா? பயப்படாமச் சொல்லுங்க."

வினோதா மெல்லத் தலையசைத்தாள்.

"இது ஒங்க தப்பில்லம்மா. புள்ள பெத்த பெறகு சில பேருக்குத் தைரொய்ட் கெட்டுப் போகும். ஒடம்பும் மனசும் சேந்தே வாடும். ரத்தம் பாத்தாத் தெரிஞ்சிரும், மருந்து இருக்கு. வியாழக்கிழம கிளினிக்குக்குக் கட்டாயம் வாங்க."

மாமியார் ராசம்மா சிரித்தாள். "இந்த மலையில குளிராதவ யாருங்க மிஸ்ஸி? எனக்குந்தான் குளிருது. என்னையும் கூட்டிக்கிட்டுப் போறீங்களா?"

மிஸ்ஸி இறங்கிப் போனதும் ராசம்மா குறி சொல்லும் கோடாங்கியிடம் போனாள். ஆற்றோரத்தில் பேய்க்காற்று பட்டிருக்கிறது, வெள்ளிவரை வெளியாள் முகம் பார்க்கலாகாது என்றான் அவன். இன்று வியாழன்.

"ஒரு நாளுதானே புள்ள, பொறுத்துக்க," என்று காலையில் வெளியே தாழிட்டாள் ராசம்மா. கைத்தொலைபேசியையும் எடுத்துப்போனாள். எல்லாம் அக்கறையினால்தான். பலகைச் சன்னலோ குளிருக்குப் பயந்து முன்பே ஆணியடிக்கப்பட்டிருந்தது.

மூன்று மணியளவில் படிகளில் சப்பாத்து ஓசை.

"வினோதா! நான் மெரினா மிஸ்ஸி. கிளினிக்குல பேரக் கூப்பிட்டேன், காணலையே?"

நெஞ்சுக்குள் ஏதோ எழுந்தது. வந்துவிட்டாள். தேடி வந்துவிட்டாள். வினோதா எழ முயன்றாள். உடம்பு நனைந்த கொழுந்துச் சாக்காய்க் கனத்தது. வாயைத் திறந்தாள். மூச்சு மட்டுமே வந்தது.

"வெளியே தாழ் போட்டிருக்கே. எங்க போயிட்டாங்க?"

இல்லை. போகாதீர்கள். உள்ளேதான் இருக்கிறேன்.

சுவரைப் பிடித்தாள். ஓர் அடி. இன்னோர் அடி.

"இந்தா வர்றேங்க மிஸ்ஸி!"

குரல் அடுத்த காம்பராவிலிருந்து வந்தது. கணீரென்ற குரல். பிள்ளை பிறக்குமுன் வினோதாவுக்கு இருந்த குரல்.

அங்கே கதவு திறந்தது.

"அட, இங்கயா இருக்கீங்க? மூஞ்சியெல்லாம் தெளிஞ்சிருச்சே!"

"நல்லாயிருக்கேங்க மிஸ்ஸி. ரத்தம் பாக்குறதெல்லாம் வேணாம்."

"அப்பச் சரிம்மா. எனக்கு இப்பத்தான் நிம்மதி. புள்ளையப் பாத்துக்கங்க."

"நான் பாத்துக்கிறேன்."

சப்பாத்து ஓசை இறங்கியது. தேய்ந்தது. மூடுபனி அதை விழுங்கியது.

வினோதா கதவை அடைந்து கையால் தட்டினாள். ஒரு முறை. கேட்க ஆளில்லை.

வாசலில் வெறுங்காலின் ஓசை. நிதானமாக. இந்தப் பக்கமாக. கதவிடுக்கில் தாய்ப்பாலின் மணம்.

தாழ்ப்பாள் வெளியே நகர்ந்தது.

அவள் பின்வாங்கித் திரும்பினாள். தொட்டிலில் பிள்ளை விழித்திருந்தது. அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி, திறக்கும் கதவை நோக்கி, இரு கைகளையும் நீட்டிச் சிரித்தது.